முதல் தடவை சொன்ன வேண்டாம்

மறுத்துவிட்ட வீட்டுக்கு நான் ஏன் வேலைமெனக்கெட்டுப் போனேன் என்று நம் பழைய மாணவிகள் வாட்ஸ்அப் குழுவில் ஆளாளுக்குக் கேட்டிருக்கிறீர்கள். ஒருத்தி, "ரிடையர் ஆனதிலிருந்து உனக்குப் பொழுது போகவில்லையா?" என்றுகூடக் கேட்டிருந்தாள். பொழுதெல்லாம் நன்றாகத்தான் போகிறது.

குழுவை எப்போதாவது எட்டிப் பார்ப்பவர்களுக்காக முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் பள்ளிக்கூடத்தில் இப்போது பதினொன்றாம் வகுப்பு படிக்கும் பெண்களை, நம் பழைய மாணவிகளில் வேலையில் இருப்பவர்கள் கோடை விடுமுறையில் ஆளுக்கொருத்தியாகக் கூட வைத்துக்கொண்டு, தங்கள் தொழில் எப்படி என்று காட்டுவதாக ஏற்பாடு. இன்டர்ன்ஷிப் என்று பேர். நல்ல காரியம், குறை சொல்லவில்லை. விருப்பமா என்று வீடுகளுக்குச் செய்தி அனுப்பினீர்கள். ஒரு வீட்டிலிருந்து அந்தப் பெண்ணின் அப்பா, "வேண்டாங்க மேடம், உங்களுக்கு எதுக்கு சிரமம், நன்றி" என்று பதில் போட்டிருந்தார். நீங்கள் அந்தப் பெயரை விட்டுவிட்டீர்கள். நான் பஸ் ஏறிவிட்டேன்.

ஏன் ஏறினேன் என்பதை நாலு வரியில் சொல்ல எனக்கு வரவில்லை. கோபத்தோடுதான் இதை எழுதுகிறேன். யார் மேல் கோபம் என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.

நம் செட்டுக்கும் இப்படி ஒரு கோடை வந்தது, நினைவிருக்கிறதா? பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த சமயம். அப்போது இன்டர்ன்ஷிப் என்ற வார்த்தையை நாம் யாரும் கேட்டதே இல்லை. நம் பள்ளியில் படித்து டாக்டராகி, வெகுகாலம் வெளிநாட்டில் இருந்துவிட்டு, தஞ்சாவூரில் ரத்தப் பரிசோதனைக் கூடம் வைத்த டாக்டர் அக்கா, பரீட்சைக்குக் கொஞ்சம் முன்னால் ஒருநாள் பள்ளிக்கு வந்திருந்தார். அக்கா என்றுதான் கூப்பிட வேண்டும் என்று சொல்லிவிட்டார். அவருக்கு நம் அம்மாக்களின் வயது.

மைக்ராஸ்கோப் ஒன்றைக் காரில் மடியில் வைத்தே கொண்டுவந்திருந்தார். அதை அறிவியல் அறை ஜன்னல் பக்கம் வைத்து, வாய்க்கால் தண்ணீரில் ஒரு சொட்டை விட்டு, ஒவ்வொருத்தியாக வந்து பார்க்கச் சொன்னார். நீங்களெல்லாம் "ஐயே, பூச்சி!" என்று கத்தியது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. என் முறை வந்தது. முதலில் என் கண்ணிமை மயிர்தான் தெரிந்தது. பிறகு வெளிச்ச வட்டத்துக்குள் வெள்ளரி விதை போல ஒன்று குறுக்கே ஓடிற்று. ஓடியது திரும்பி வந்தது. நாங்கள் குளித்து, பாத்திரம் தேய்த்து, மாடு கழுவிய தண்ணீருக்குள் அது பாட்டுக்கு ஒரு சோலியாகப் போய்க்கொண்டிருந்தது. அதற்குள் மணி அடித்துவிட்டது. பின்னால் நின்றவள் என் தாவணியைப் பிடித்து இழுத்தாள்.

அவ்வளவுதான் பார்த்தேன். சோற்றில் கை வைத்தால் அந்த வெள்ளரி விதை ஞாபகம் வந்தது. இன்னொரு தடவை பார்க்க வேண்டும். வேறு எதுவும் வேண்டாம் என்று இருந்தது.

டாக்டர் அக்காவும் இன்னும் சில பழைய மாணவிகளும் சேர்ந்து அந்தக் கோடையில் ஆளுக்கொரு பெண்ணை அழைத்துப்போவதாகப் பேச்சு. ஒருவர் வக்கீல், ஒருவர் பேங்கில் இருந்தார், ஒருவர் விதைப் பண்ணையில். டாக்டர் அக்காவிடம் ஒரு பெண்ணுக்குத்தான் இடம். அறிவியலில் முதலாவதாக வருகிறவளை டாக்டரே வீட்டுக்கு வந்து கேட்பார், போகிறவளுக்கு வெள்ளைக் கோட்டு வேண்டும் என்று தலைமையாசிரியை வகுப்பில் சொன்னார். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். நான் காது வரைக்கும் சிவந்துபோனேன்.

இங்கே ஒரு விஷயத்தை இடையில் சொல்ல வேண்டும். சென்னை, பெங்களூர் என்று போய்விட்ட உங்களுக்கு மறந்திருக்கலாம். நம் பக்கத்தில் யார் எதைக் கொடுத்தாலும் முதலில் வேண்டாம் என்பதுதான் மரியாதை. காபியாக இருந்தாலும் அப்படித்தான், கல்யாண வீட்டில் தாம்பூலப் பையாக இருந்தாலும் அப்படித்தான். கேட்ட மாத்திரத்தில் தலையாட்டினால் பறக்காவெட்டி என்று பேர் வந்துவிடும். இரண்டாம் தடவை கேட்கும்போது "இருக்கட்டுங்க" என்று கொஞ்சம் இறங்க வேண்டும். மூன்றாம் தடவை, "நீங்க இவ்வளவு தூரம் சொல்றதால" என்று வாங்கிக்கொள்ளலாம்.

என் பெரியப்பா ஒரு கல்யாணப் பந்தியில் பாயசம் வந்தபோது இலைக்கு மேல் கையை விரித்து, "போதும், போதும்" என்றார். பரிமாறியவர் வெளியூர்க்காரர். சரி என்று அடுத்த இலைக்குப் போய்விட்டார். பெரியப்பா அந்தச் சம்பந்தி வீட்டாரோடு வெகுகாலம் முகம் கொடுத்துப் பேசவில்லை. "பாயசத்துக்காகவா?" என்று யாராவது கேட்டால், "பாயசம் கெடக்குது. இன்னொரு தரம் ஒரு வார்த்தை கேட்டா என்ன கொறஞ்சு போயிடும்?" என்பார். நாங்களெல்லாம் சிரிப்போம்.

டாக்டர் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தது உளுந்து அடித்து முடித்த சமயம். வாசலெல்லாம் உளுந்துத் தோலும் பொட்டும். கார் எங்கள் தெருவுக்குள் வரவே சிரமப்பட்டது. அப்பா கோயில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்துகொண்டிருந்தார். கைகால் கழுவி, வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, நாற்காலியை அவருக்குப் போட்டுவிட்டு, தான் நின்றுகொண்டார்.

"காபி சாப்பிடறீங்களா?" என்று அம்மா கேட்டாள்.

"எனக்கு ஒண்ணும் வேண்டாம்மா" என்றார் டாக்டர் அக்கா.

அம்மா உடனே அடுப்படிக்கு ஓடி, என்னைப் பக்கத்து வீட்டுக்குப் பாலுக்கு அனுப்பினாள். வேண்டாம் என்றால் போடு என்றுதானே அர்த்தம்? பித்தளை டபராவில் காபி போய் அவர் முன்னால் உட்கார்ந்தது. அவர் அதைத் தொடவில்லை. நான் அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு, காபி மேல் ஆடை படிவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உங்க பொண்ணு நல்லா படிக்கிறா. ஒரு மாசம் எங்கிட்ட அனுப்புங்க. எங்க வீட்லயே தங்கிக்கட்டும். லேப்ல என்னென்ன நடக்குதுன்னு கிட்ட இருந்து பாக்கட்டும். அவளுக்குப் பிடிச்சிருந்தா மேல படிக்கிறதுக்கும் நான் பாத்துக்கறேன்."

அப்பா வலது கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, "அதெல்லாம் எதுக்குங்க உங்களுக்குச் சிரமம்? வேணாங்க" என்றார்.

உங்களுக்குச் சொன்னால் சிரிப்பீர்கள். அப்பா அப்படிச் சொன்னதும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பேச்சு சரியான தடத்தில் போகிறது, இன்னும் இரண்டு தடவைதான் பாக்கி என்று நினைத்தேன். அம்மா என் தோளைத் தொட்டாள். அவளும் அதையேதான் நினைத்திருப்பாள்.

டாக்டர் அக்கா அப்பாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு, "சரிங்க. உங்க முடிவு. நான் வற்புறுத்தல" என்று எழுந்துவிட்டார்.

அப்பாவின் கை நெஞ்சிலேயே இருந்தது. "காபி ஆறுதுங்க" என்றார். அந்த நேரத்தில் அவருக்கு வாயில் வந்தது அதுதான். கார் வரைக்கும் கூடவே போனார். ஏறும்போது கேட்பார் என்று எதிர்பார்த்திருக்க வேண்டும். கார்க் கதவைத் தானே திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். டாக்டர் அக்கா கும்பிட்டுவிட்டு ஏறினார். புழுதி அடங்குகிற வரைக்கும் அப்பா தெருவிலேயே நின்றார்.

அப்பாவையே எதிர்த்துப் பேசியிருக்கலாமே என்று உங்கள் பேத்திகள் கேட்பார்கள். வந்தவர் முன்னால் அப்பா சொன்ன வார்த்தையை மகள் மாற்றிச் சொல்வது என்பது அப்போது நடக்கிற காரியமா? அதோடு, வேண்டாம் என்பது முடிவு என்று எங்கள் வீட்டில் ஒருவருக்குமே தோன்றவில்லை. "மொதத் தடவைதானே வந்திருக்காங்க. மறுபடி வருவாங்க" என்றாள் அம்மா. "வராம என்ன?" என்றார் அப்பா.

அந்த நம்பிக்கையில்தான் வெள்ளைக் கோட்டு தைத்தோம். தீபாவளிச் சட்டைக்கென்று அப்பா எடுத்து வைத்திருந்த வெள்ளைப் பாப்ளின் துணி பெட்டியில் இருந்தது. அவரே எடுத்துக் கொடுத்தார். சித்தி அளவெடுத்து, இரண்டு பக்கமும் பை வைத்து, கொஞ்சம் வளர்ந்தாலும் போடலாம் என்று கையோர மடிப்பைப் பெரிதாக விட்டுத் தைத்தாள். துணியின் கஞ்சி வாசனை இப்போதும் எனக்குத் தெரியும். போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தபோது அப்பா, "டாக்டரம்மா, எனக்கு முதுகு வலிக்குதே" என்றார். எனக்கு வெட்கமாகவும் பெருமையாகவும் இருந்தது.

பிறகு காத்திருந்தோம். ஆற்றில் சொட்டுத் தண்ணீர் இல்லை. வாய்க்காலில் பாளம் பாளமாக வெடிப்பு. எங்கள் ஊர் ஆண்கள் கோடையில் காத்திருப்பதில் கெட்டிக்காரர்கள். மேட்டூரில் எப்போது திறப்பார்கள், திறந்தால் கடைமடைக்கு எப்போது வரும் என்று டீக்கடையில் உட்கார்ந்து பேசிக்கொண்டே ஒரு கோடையை ஓட்டிவிடுவார்கள். யாரோ எங்கேயோ திறந்தால் வரும், நாம் போய் இழுத்து வர முடியாது என்பதில் பழகினவர் என் அப்பா. கார் சத்தம் கேட்டால் சட்டையைத் தேடுவார்.

கார் வந்தது. ரைஸ் மில்லுக்காரர் வீட்டுக்குப் போயிற்று. நம் வகுப்பில் அவர் மகள் அறிவியலில் இரண்டாவது. டாக்டர் அக்கா கேட்டு முடிப்பதற்குள் மில்லுக்காரர், "அழைச்சிட்டுப் போங்க, என்னைக்கு வரணும்?" என்றாராம். அவருக்கு என்ன? யாரிடமும் வேண்டாம் என்று சொல்லிக் காட்ட வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. பறக்காவெட்டி என்று அவரை யார் சொல்லப்போகிறார்கள்? முதல் தடவையே சரி என்று சொல்வதற்கும் ஒரு வசதி வேண்டியிருக்கிறது என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது.

மில்லுக்காரர் மகளே, நீ இதைப் படிக்கிறாய் என்று தெரியும். உன் மேல் எனக்கு என்றைக்கும் வருத்தம் இருந்ததில்லை. நீ போன முதல் நாளே ஊசி குத்துவதைப் பார்த்து மயக்கம் போட்டு விழுந்து, அந்த வாரமே வீடு திரும்பியதை நீயே எத்தனையோ தடவை சொல்லிச் சிரித்திருக்கிறாய். நீ திரும்பி வந்த அன்று எங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று மட்டும் உனக்குத் தெரியாது. அப்பா வயலிலிருந்து வேகமாக வந்து, "எடம் காலியா இருக்குதாம். இப்பக் கேப்பாங்க பாரு" என்றார். அம்மா கோட்டை எடுத்து மறுபடி வெயிலில் போட்டாள்.

நான் அப்பாவிடம், "நீங்க ஒரு எட்டு தஞ்சாவூர் போய்ச் சொல்லிட்டு வாங்கப்பா" என்றேன்.

"வேணாம்னு சொன்னதும் நானே, போய்க் கேக்கறதும் நானேவா? என்னம்மா பேசற நீ?" என்றார். குரலில் கோபம் இல்லை. வழி தெரியாமல் நின்றார்.

நானே போனேன். தஞ்சாவூருக்கு இல்லை, தலைமையாசிரியை வீட்டுக்கு. அவர் தெற்கேயிருந்து மாற்றலாகி வந்தவர். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். எனக்கு லேபுக்குப் போக ஆசை என்று ஒருவழியாகச் சொல்லிவிட்டேன். அவர் என்னை ரொம்பப் பரிதாபமாகப் பார்த்தார்.

"உங்கப்பாவே வேண்டாம்னு முகத்துக்கு நேரா சொல்லிட்டாராம்மா. டாக்டர் எங்கிட்ட வருத்தப்பட்டாங்க. பெத்தவர் சம்மதம் இல்லாம நாங்க என்ன செய்ய முடியும்?"

"அவரு சும்மா சொன்னாரு டீச்சர்."

"சும்மாவா? இதெல்லாம் சும்மா சொல்ற விஷயமா?"

எனக்கு அதை விளக்கத் தெரியவில்லை. மீன் தண்ணீரை விளக்குமா? அழுதேன். அப்பா மேல் உள்ள பயத்தில் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டு அவர் என் கண்ணைத் துடைத்துவிட்டார். அன்றிலிருந்து அந்தப் பள்ளிக்கூடத்தில் என் அப்பாவுக்கு, பெண்ணைப் படிக்க வைக்க மனசில்லாத மனுஷன் என்று பேர். மகளுக்காகத் தன் தீபாவளிச் சட்டையை விட்டுக் கொடுத்தவருக்கு!

தண்ணீர் திறந்தார்கள். நுரையும் சருகுமாக வாய்க்காலில் அது ஊர்ந்து வந்ததைப் பார்க்க எல்லாரும் போனார்கள். நான் போகவில்லை. பள்ளி திறந்ததும் என்னை வணிகவியலில் சேர்த்தார்கள். வீட்டில் ஆர்வமில்லை என்று முன்பே முடிவு கட்டியிருந்ததால், அறிவியல் வேண்டுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. கோட்டைப் பிரித்து அம்மா ரேடியோவுக்கு உறை தைத்தாள். ஒரு பையை மட்டும் வெட்டாமல் விட்டிருந்தாள். அப்பா அதில் மூக்குக் கண்ணாடி வைத்துக்கொள்வார். இப்போது ரேடியோவும் இல்லை, உறையும் எங்கே போனதென்று தெரியவில்லை.

நான் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்தேன், பிள்ளைகளைக் கரை சேர்த்தேன். யாரையும் சபிக்கவில்லை. மைக்ராஸ்கோப்பை மட்டும் மறுபடி பார்க்கவே இல்லை.

அப்பாவுக்குச் சர்க்கரை வந்த பிறகு, ரத்தம் பார்க்க டாக்டர் அக்காவின் கூடத்துக்கே அழைத்துப்போக நேர்ந்தது. அக்காவுக்குத் தலையெல்லாம் நரைத்திருந்தது. ஊர்ப் பெயரைச் சொன்னதும் என்னைத் தெரிந்துகொண்டார்.

"உன்னை நான் மறக்கலம்மா. ரொம்ப நாள் மனசுல இருந்த. இன்னொரு தடவை கேட்டுப் பாக்கலாமான்னு கார்ல போகும்போதே நெனச்சேன். ஆனா ஒரு பெரிய மனுஷன் வேண்டாம்னு சொன்னப்புறம் திரும்பக் கேட்டா, அவர் வார்த்தையை மதிக்கலைன்னு ஆயிடாதா? அத்தனை வருஷம் நான் இருந்த ஊர்ல அப்படித்தான். அப்படியே பழகிட்டேன்."

அப்பா பஞ்சை முழங்கை மடிப்பில் அழுத்திப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். "ஆமாங்க, அதுவும் சரிதாங்க" என்றார். டாக்டர் அக்கா அவரைக் காபி சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். அப்பா வேணாங்க என்றார். டாக்டர் அக்கா சரி என்று தலையசைத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

பஸ்ஸில் வரும்போது திருவாரூர் தாண்டியதும் அப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "நான் ஒண்ணும் தப்பாப் பேசிடலியேம்மா அன்னைக்கு?" என்றார். "இல்லப்பா" என்றேன். உண்மையும் அதுதான். இரண்டு பேருமே ஒருவரையொருவர் மதித்தார்கள். நான் யாரைக் குறை சொல்ல?

இப்போது சொல்லுங்கள், "வேண்டாங்க மேடம், உங்களுக்கு எதுக்கு சிரமம்" என்ற செய்தியைப் படித்துவிட்டு நான் எப்படிச் சும்மா உட்கார்ந்திருப்பேன்? அதுவும் அதே கூடம். நமக்கு இளைய செட்டுப் பெண் அல்லவா இப்போது அதை எடுத்து நடத்துகிறாள்?

திருத்துறைப்பூண்டி தாண்டி உள்ளே போக வேண்டும். அந்தப் பெண்ணின் அப்பா அறுவடை மெஷின் ஓட்டுகிறவர். கோடையில் அறுப்பு இல்லாததால் வீட்டில் இருந்தார். பிளாஸ்டிக் நாற்காலியை எனக்குப் போட்டுவிட்டு நின்றார். பெண் உள்கதவை ஒட்டி நின்றாள். நான் விஷயத்தைச் சொன்னேன்.

"மெசேஜ் பாத்தேங்க மேடம். எதுக்குங்க உங்களுக்கு வீண் சிரமம்? வேணாங்க."

நான் பெண்ணைப் பார்த்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

"சிரமம் ஒண்ணும் இல்ல. அனுப்பி வையிங்க" என்றேன்.

"இருக்கட்டுங்க மேடம். அவளுக்கு என்ன தெரியும்? உங்களுக்குத்தான் தொந்தரவு."

"தெரியாததாலதான் கூப்பிடறோம். நம்ம பொண்ணுங்க, எங்களுக்கு என்ன தொந்தரவு? அனுப்புங்க."

அவர் மனைவியைப் பார்த்தார். தலையைச் சொறிந்தார். "இவ்வளவு தூரம் நீங்களே வந்து சொல்றீங்க... சரிங்க மேடம். அழைச்சிட்டுப் போங்க" என்றார்.

காபி வந்தது. எனக்கும் சர்க்கரைதான், வேண்டாம் என்றுதான் சொல்லியிருந்தேன். ஒரு சொட்டு விடாமல் குடித்தேன். "எத்தனை டிரஸ் எடுத்துக்கணும் ஆன்ட்டி?" என்று கேட்டாள் பெண். நாலு போதும் என்று நானும் பெரிய மனுஷியாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

பஸ்ஸில் உட்கார்ந்து குழுவில் எழுதினேன். உடனே பதில் போட்டீர்கள். அவர் வேண்டாம் என்றதும் அந்த இடத்தை அடுத்த பெண்ணுக்குக் கொடுத்தாகிவிட்டது, அவள் வீட்டில் உடனே சரி என்றுவிட்டார்கள், கூடத்தில் ஒருத்திக்குத்தான் இடம், மறுத்துவிட்ட வீட்டுக்கு நீ ஏன் போனாய்?

அந்த அடுத்த பெண்ணும் வசதி இல்லாத வீட்டுப் பெண்தான். அவளிடமிருந்து பிடுங்கிக் கொடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். கூடம் நடத்துகிறவளிடம் கெஞ்சிப் பார்த்தேன். இன்னொருத்தியை நிறுத்த இடமில்லை அக்கா என்கிறாள். அவள் சொல்வதும் நியாயம்தான். எல்லாரும் நியாயமாகத்தான் இருக்கிறீர்கள்.

நான் இன்னும் அந்த வீட்டுக்குச் சொல்லவில்லை. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பெண்ணிடமிருந்து செய்தி வந்திருக்கிறது: "ஆன்ட்டி, ஒயிட் கோட் அங்கயே குடுப்பாங்களா, இல்ல நாங்க தைக்கணுமா? அப்பா துணி எடுக்கக் கெளம்பிட்டாங்க."

யாராவது சொல்லுங்களேன், நான் என்ன பதில் போட?